வாய்க்குள் வாழும் நுண்ணுயிர்களும் உடல்நலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாய் நுண்ணுயிரியம் என்றால் என்ன?

பல், ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம், அண்ணம், எச்சில் ஆகியவற்றில் குடியிருக்கும் பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் முதலியவற்றை மொத்தமாக வாய் நுண்ணுயிரியம் என்கிறோம். மனித வாயில் காணப்படும் பாக்டீரியா இனங்களாக 700-க்கும் மேற்பட்டவை பட்டியலிடப்பட்டுள்ளன. ஒரே ஆளின் வாயில் அத்தனையும் இருப்பதில்லை. நூறு, இருநூறு இனங்கள் இருக்கலாம். ஒரு மில்லி எச்சிலில் ஏறத்தாழப் பத்துக் கோடி பாக்டீரியாக்கள் மிதக்கின்றன. நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. அதில் பெரும்பகுதியை நாம் விழுங்கிவிடுகிறோம். அந்தக் கணக்கில் தினமும் சுமார் பத்தாயிரம் கோடி பாக்டீரியாக்கள் வயிற்றுக்குள் போகின்றன; அங்குள்ள அமிலம் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடுகிறது. இந்த எண்களைக் கண்டு மிரள வேண்டியதில்லை. ஆரோக்கியமான வாயும் இப்படித்தான் இருக்கும்.

இவை இருப்பதை முதலில் கண்டவர் யார்?

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் துணி வணிகம் செய்துவந்த ஆன்டனி வான் லேவன்ஹூக். தாமே தேய்த்துச் செய்த வில்லையின் வழியாகத் தம் பல்லிடுக்கில் இருந்த வெண்ணிற அழுக்கைப் பார்த்து, அதில் உயிருள்ளவை துள்ளித் திரிவதாக 1683-இல் லண்டனில் உள்ள அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். தினமும் காலையில் உப்பால் பல் தேய்க்கும் பழக்கமுள்ளவர் அவர். அப்படித் தேய்த்தும் இத்தனை இருக்கின்றனவே என்று வியந்தவர், வாழ்நாளில் பல்லே துலக்கியிராத ஒரு முதியவரின் அழுக்கையும் வாங்கிப் பார்த்து, அதில் எண்ணில் அடங்காத கூட்டத்தைக் கண்டார். துலக்குவதால் இவை குறையுமே தவிர ஒழியாது என்பது அந்த முதல் கடிதத்திலேயே இருக்கிறது.

வாய் முழுவதும் ஒரே கூட்டம்தான் இருக்கிறதா?

இல்லை. நாக்கின் மேற்பரப்பில் உள்ள மயிரிழை போன்ற மேடுகளுக்கு இடையில் இருப்பவை வேறு. கன்னத்தின் உட்புறத்தில் இருப்பவை வேறு. பல்லின் மேல் இருப்பவை வேறு. ஈறுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள குறுகிய பள்ளத்தில், காற்று புகாத இடத்தில் வாழ்பவை முற்றிலும் வேறு. இதற்குக் காரணம் எளிமையானது. கன்னத்தின் தோல் ஓயாமல் உதிர்வதால் அங்கே எதுவும் நெடுநாள் ஒட்டியிருக்க முடியாது. பல்லோ உதிராத, கெட்டியான பரப்பு. துலக்கிய சில நிமிடங்களுக்குள்ளேயே எச்சிலில் உள்ள புரதங்கள் பல்லின் மீது மெல்லிய பூச்சாகப் படிகின்றன; அந்தப் பூச்சில் முதலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா வகைகள் வந்து ஒட்டுகின்றன; அவற்றின் மேல் வேறு வகைகள்; அவற்றின் மேல் இன்னும் சில. பசை போன்ற ஒன்றைச் சுரந்து, அதற்குள் அடுக்கடுக்காக அவை வாழத் தொடங்குகின்றன. நகத்தால் சுரண்டினால் வெண்மையாக வருமே, அந்தப் படலம் இதுதான். கண்ணாடியில் பார்த்தால் சட்டென்று தெரியாது. பல் மருத்துவர் தரும் நிற மாத்திரையை மென்று கொப்பளித்தால், ஈறை ஒட்டிய விளிம்பிலும் பல்லிடுக்குகளிலும் செக்கச் செவேலென்று வெளிப்படும். நன்றாகத் துலக்குவதாக நம்பியிருப்பவர்களுக்குக் கீழ்ப்பற்களின் உட்புறம் பெரும்பாலும் அதிர்ச்சி தரும்.

இந்தப் படலத்தை அகற்றாமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் ஏறி, சில நாட்களிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் காரையாக இறுகிவிடும். அதன் பின் தூரிகைக்கு அது அசையாது.

குழந்தைக்கு இவை எங்கிருந்து வருகின்றன?

பிறக்கும்போது தாயிடமிருந்தும், பிறகு முத்தமிட்டுக் கொஞ்சும் அனைவரிடமிருந்தும். பல் முளைத்ததும் குடியேற்றம் மாறுகிறது. சொத்தையோடு தொடர்புடைய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்றவை பல் முளைத்த பிறகே நிலையாகக் குடியமர்கின்றன. தாயின் வாயில் சொத்தை அதிகம் இருந்தால் அந்த வகை குழந்தைக்கும் சீக்கிரம் போய்ச் சேரும். குழந்தைக்கு ஊட்டும் கரண்டியை வாயில் வைத்துச் சூடு பார்ப்பதைத் தவிர்க்கலாம். அதைவிடத் தாய் தன் சொத்தைப் பற்களைச் சரிசெய்துகொள்வது பயன் தரும். பாட்டி கொஞ்சக் கூடாது என்றெல்லாம் சட்டம் போடுவதில் அர்த்தமில்லை.

வாயில் உள்ள பாக்டீரியாக்களால் நன்மை உண்டா?

உண்டு. முதல் நன்மை, இடத்தை அடைத்துக்கொண்டு இருப்பதே. ஆன்டிபயாடிக் மருந்தை நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கு நாக்கில் வெண்படை வருவதுண்டு. பாக்டீரியாக்கள் குறைந்ததும் கேண்டிடா என்னும் பூஞ்சை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதன் விளைவு அது.

இரண்டாவது நன்மை பலரும் அறியாதது. ரத்த அழுத்தத்தோடு தொடர்புடையது. கீரை, பீட்ரூட், முள்ளங்கி போன்றவற்றில் நைட்ரேட் மிகுதி. சாப்பிட்ட நைட்ரேட் குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலந்தபின், அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் இழுத்து மீண்டும் வாய்க்கே கொண்டுவருகின்றன. நாக்கின் பின்பகுதியில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. இந்த வேலையைச் செய்யப் போதுமான நொதி மனித உடலில் இல்லை. விழுங்கிய நைட்ரைட் உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. 2013-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஆரோக்கியமான 19 பேர் ஏழு நாட்கள் குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிக்கொல்லி கலந்த மவுத்வாஷால் வாய் கொப்பளித்தபோது, வாயில் நைட்ரைட் உருவாவது சுமார் 90 சதவீதம் குறைந்தது. ரத்த அழுத்தம் 2 முதல் 3.5 அலகு வரை உயர்ந்தது. பத்தொன்பது பேரை வைத்து ஊருக்கெல்லாம் விதி எழுத முடியாது. ஆனாலும், வாயிலுள்ள கிருமியை எல்லாம் கொல்வதே சுத்தம் என்ற எண்ணத்தை அது கேள்விக்குள்ளாக்குகிறது.

அப்படியானால் பல் சொத்தை ஏன் வருகிறது?

வெளியிலிருந்து புதிதாக ஒரு கிருமி வந்து தாக்குவதால் அன்று. உள்ளே இருப்பவற்றின் விகிதம் மாறுவதால் வருகிறது. சர்க்கரை கிடைத்ததும் சில பாக்டீரியாக்கள் அதை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) படலத்துக்குள் 5.5-க்குக் கீழே இறங்கும்போது பல்லின் எனாமல் கரையத் தொடங்குகிறது. எச்சில் மெல்ல அமிலத்தைச் சமன்செய்து, கரைந்த கனிமத்தில் ஒரு பகுதியைத் திருப்பிப் படியவைக்கிறது. இதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அந்த அவகாசம் கிடைக்காமல் மீண்டும் மீண்டும் இனிப்பு வந்துகொண்டே இருந்தால், அமிலத்தைத் தாங்கும் வகைகள் பெருகி மற்றவை ஒடுங்குகின்றன. ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை முறை என்பதும் முக்கியம். மதியச் சாப்பாட்டோடு ஒரு மைசூர்பாகைத் தின்று முடித்தவரைவிட, காலையிலிருந்து மாலைவரை சர்க்கரை போட்ட டீயை ஒவ்வொரு வாயாக உறிஞ்சிக்கொண்டும் இடையிடையே பிஸ்கட் கொறித்துக்கொண்டும் இருப்பவரின் பல்லுக்கே ஆபத்து அதிகம்.

ஈறு நோய் எவ்வாறு தொடங்குகிறது?

இதற்குத் தெளிவான விடை 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரத்தில் கிடைத்தது. ஹரால்டு லோ என்ற நார்வே நாட்டுப் பல் மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், ஈறு நல்ல நிலையில் இருந்த 12 பேரை, பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்களை, பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். பத்து நாளில் சிலருக்கும், மூன்று வாரத்துக்குள் எஞ்சிய எல்லோருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. நாட்கள் ஏற ஏறப் படலத்தில் இருந்த பாக்டீரியா வகைகளும் மாறின. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போல ஆகும்போது ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. ஈறு வீக்கத்துக்குக் காரணம் படலமே என்பதும், தொடக்க நிலையில் அதை முழுமையாகத் திருப்ப முடியும் என்பதும் இந்த ஒரே சோதனையில் நிறுவப்பட்டன.

வீக்கம் நீடித்தால் சிலருக்கு அடுத்த கட்டம் வருகிறது. ஈறு பல்லை விட்டு விலகி, இடையே பை போன்ற பள்ளம் உண்டாகிறது. மருத்துவர் மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கம்பியை ஈறின் ஓரமாக மெதுவாக இறக்கி அளப்பது இந்தப் பள்ளத்தைத்தான். ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் என்றால் கவலையில்லை; நான்கைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்; ஆறு, ஏழு என்று இறங்கினால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்திருக்கக்கூடும். அந்த ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை. போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், ட்ரெபோனிமா டெண்டிகோலா, டானெரெல்லா ஃபார்சிதியா ஆகிய மூன்று பாக்டீரியாக்களும் அங்கே ஒன்றுசேர்ந்து காணப்படுகின்றன. இவை சர்க்கரையை நம்பி வாழ்பவை அல்ல. புரதத்தைச் சிதைத்து வாழ்பவை. ஜிஞ்சிவாலிஸுக்கு ரத்தத்தில் உள்ள இரும்புச் சத்தும் தேவை. ஈறு வீங்கி ரத்தம் கசிந்தால் அதற்கு உணவு. அது பெருகினால் ஈறு மேலும் வீங்கும். எலும்பைக் கரைப்பது பெரும்பாலும் பாக்டீரியா நேரடியாகச் செய்யும் வேலை அன்று. அதை எதிர்க்க வந்து, எதிர்ப்பை நிறுத்தத் தெரியாமல் தொடரும் நம் உடலின் அழற்சிதான் அதைச் செய்கிறது.

ஒருவருக்கு இளமையிலேயே பல் ஆடுகிறது. இன்னொருவர் சரியாகத் துலக்காமலேயே எண்பது வயதுவரை முறுக்குக் கடிக்கிறார். ஏன்?

இதற்கான விடையும் அதே லோவின் குழுவிடமிருந்து வந்தது. அதன் களம் இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள். அங்கே தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் மலையகத் தமிழர் என்பதை வாசகர்கள் அறிவார்கள். 1970-இல் இரண்டு தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளர்களைத் தேர்ந்து 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பல் மருத்துவம் அவர்களை எட்டியதில்லை. இன்று நாம் சொல்லும் பொருளில் பல் துலக்கும் வழக்கமும் இல்லை. எல்லோருடைய பல்லிலும் படலமும் காரையும் ஏறத்தாழ ஒரே அளவில் படிந்திருந்தன. எல்லோருக்கும் ஈறு வீங்கியிருந்தது. சொத்தை மட்டும் அநேகமாக இல்லை.

ஆனால் முடிவு ஒன்றாக இல்லை. சுமார் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றியது; அவர்களுக்கு இருபது வயதையொட்டியே பற்கள் விழத் தொடங்கி, 45 வயதுக்குள் வாய் பொக்கையாகிவிட்டது. 81 சதவீதத்தினருக்கு நோய் மெதுவாக நகர்ந்தது. எஞ்சிய 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை. ஒரே தோட்டம், ஒரே உழைப்பு, ஒரே அளவு அழுக்கு; மூன்று விதமான விளைவு. மரபு, நோய் எதிர்ப்பின் தன்மை, புகையிலை, சர்க்கரை நோய் ஆகியவை இந்த வேறுபாட்டில் பங்கு வகிக்கின்றன என்று இன்று அறிவோம். ஈறு நோயைப் பற்றிய பாடநூல்களின் அடிப்படைச் செய்தி ஒன்று, மருத்துவ வசதி இல்லாமல் விடப்பட்ட மக்களின் வாயிலிருந்து எடுக்கப்பட்டது என்பது சற்று உறுத்தத்தான் செய்கிறது.

நடைமுறையில் இதன் பொருள்: எண்பது வயதில் முறுக்குக் கடிக்கும் தாத்தாவை முன்னுதாரணமாகக் கொள்ள முடியாது. அவர் அந்த 11 சதவீதத்தில் ஒருவர். நாம் எந்தப் பிரிவு என்பது, பெரும்பாலும் பல் ஆடிய பிறகுதான் தெரியும்.

வாயில் உள்ளவை உடலின் மற்ற உறுப்புகளை எப்படி எட்டுகின்றன?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது ரத்தம்: ஈறு வீங்கியிருந்தால் பல் துலக்கும்போதும் மெல்லும்போதும்கூடச் சில பாக்டீரியாக்கள் ரத்தத்தில் நுழைகின்றன, சாதாரணமாக உடல் அவற்றைச் சில நிமிடங்களில் அழித்துவிடும். இரண்டாவது, மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்கும், உணவுக்குழாய் வழியாகக் குடலுக்கும் செல்வது. மூன்றாவது வழியில் பாக்டீரியா எங்கும் போவதில்லை. ஈறில் நாட்பட நீடிக்கும் அழற்சியின் வேதிப்பொருட்கள் ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் தம் வேலையைக் காட்டுகின்றன. எந்த நோய்க்கு எந்த வழி என்று பிரித்துப் பார்க்காமல் ‘வாய் கெட்டால் உடல் கெடும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் விளம்பரங்களே இத்துறையில் குழப்பத்தை உண்டாக்குகின்றன.

சர்க்கரை நோய்க்கும் ஈறுக்கும் என்ன தொடர்பு?

வாய்க்கும் உடலுக்கும் இடையே சொல்லப்படும் தொடர்புகளில் மிக உறுதியானவற்றில் இதுவும் ஒன்று. இது இரு திசையிலும் செல்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பும் அது முற்றும் வேகமும் அதிகம். 1993-இலேயே லோ இதைச் சர்க்கரை நோயின் ஆறாவது சிக்கல் என்று எழுதினார். மறுதிசையில், ஈறில் உள்ள அழற்சி இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கிறது. ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை பெற்றவர்களின் எச்பிஏ1சி அளவு (கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டுவது) மூன்று, நான்கு மாதங்களில் சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைந்ததைப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு காட்டியது. சிறிய எண்ணாகத் தோன்றலாம். கூடுதலாக ஒரு மாத்திரை தரக்கூடிய பலனுக்கு அருகில் வரும் எண் அது. சர்க்கரை நோயாளிக்குக் கண்ணையும் காலையும் ஆண்டுதோறும் பார்க்கச் சொல்லும் மருத்துவர், ஈறையும் பார்க்கச் சொல்ல வேண்டும். பல இடங்களில் இன்னும் அது நடப்பதில்லை. நீங்களாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈறு நோயால் மாரடைப்பு வருமா?

இங்கே இரண்டு செய்திகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இதய வால்வில் தொற்று ஏற்படுவது ஒன்று. செயற்கை வால்வு பொருத்தியவர்கள், முன்பே இந்தத் தொற்று வந்தவர்கள், பிறவியிலேயே சில வகை இதயக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு, ரத்தத்தில் நுழையும் வாய்வாழ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வால்வில் ஒட்டிக்கொண்டு உயிருக்கே உலை வைக்கலாம். இதில் பாக்டீரியாவின் பங்கு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. இத்தகையோர் பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டுமா என்பதை இதய மருத்துவரிடம் கேட்க வேண்டும். அமெரிக்க இதயச் சங்கம் 2007-இல் அதை மிகுந்த ஆபத்து உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது, மற்றவர்களுக்குத் தேவையில்லை.

மாரடைப்பு வேறு கதை. ஈறு நோய் உள்ளவர்களிடம் இதய ரத்தக் குழாய் அடைப்பு சற்று அதிகம் காணப்படுவது உண்மை. ஆனால் புகைப்பழக்கம், சர்க்கரை நோய், வறுமை, வயது ஆகியவை இரண்டுக்கும் பொதுவான காரணங்கள். 2012-இல் அதே சங்கம் சான்றுகளை ஆராய்ந்து, தொடர்பு இருக்கிறது, ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை, ஈறு சிகிச்சை மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்கும் சான்று இல்லை என்று அறிவித்தது. ஸ்கேலிங் (கருவியால் பல் காரையை அகற்றுவது) செய்தால் பைபாஸ் தேவைப்படாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கு வாய்ச் சுத்தம் அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். விழுங்கும் திறன் தளர்ந்தவர்களுக்கு உறக்கத்தில் எச்சில் சிறிது சிறிதாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அதிலுள்ள பாக்டீரியாக்கள் நிமோனியாவை உண்டாக்கும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வு 2002-இல் வெளியானது: பராமரிப்பவர்கள் ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பல் துலக்கிவிட்ட முதியவர்களில் 11 சதவீதத்தினருக்கும், அப்படிச் செய்யப்படாதவர்களில் 19 சதவீதத்தினருக்கும் நிமோனியா வந்தது. மருந்து எதுவும் இல்லை. ஒரு தூரிகையும் பொறுமையும் மட்டுமே. பக்கவாதத்தில் படுத்திருக்கும் பெரியவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, உணவூட்டும் வீடுகளில்கூட அவர் வாயைத் திறந்து பார்ப்பவர் அரிது. பல் செட் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் அடியில் பூஞ்சை படரும்.

கர்ப்பிணிகள் பல் சிகிச்சை செய்துகொள்ளலாமா?

செய்துகொள்ளலாம், நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம். ஹார்மோன் மாற்றத்தால் இக்காலத்தில் ஈறு எளிதில் வீங்கும். ஈறு நோய் உள்ள தாய்மார்களுக்குக் குறைப்பிரசவம் சற்று அதிகம் என்ற கணிப்பைச் சோதிக்க அமெரிக்காவில் 823 பெண்களிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்ப காலத்தில் ஈறு சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் குறைப்பிரசவ விகிதத்தில் வேறுபாடு இல்லை. சிகிச்சையால் கேடும் இல்லை. ஆகவே தாயின் ஈறுக்காகச் செய்துகொள்ளுங்கள்.

புற்றுநோய், மறதி நோய் ஆகியவற்றுக்கும் வாய் பாக்டீரியாவே காரணம் என்கிறார்களே?

ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்பது பற்படலத்தில் சாதாரணமாக இருப்பது. பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகளில் அது மிகுதியாக இருப்பதை 2012-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. அதன் ஒரு குறிப்பிட்ட உட்பிரிவே கட்டிகளில் அதிகம் என்று 2024-இல் தெரியவந்தது. அது கட்டியைத் தொடங்கிவைக்கிறதா, வளர்ந்த கட்டியில் வசதி கண்டு குடியேறுகிறதா என்ற கேள்வி தீரவில்லை. கவனித்து வர வேண்டிய செய்தி; இன்றைக்கு எவரும் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள அடிப்படை ஆகாது.

அல்சைமர் என்னும் மறதி நோய் பற்றிய செய்தி எச்சரிக்கையாக இருக்கக் கற்றுத்தருவது. அந்நோயால் இறந்தவர்களின் மூளையில் ஜிஞ்சிவாலிஸின் நொதிகளைக் கண்டதாக 2019-இல் ஓர் ஆய்வு வெளிவந்ததும், பல் துலக்கினால் மறதி வராது என்று உலகெங்கும் செய்தித்தாள்கள் எழுதின. அந்த நொதியை முடக்கும் மருந்தை அறுநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தபோது, நினைவாற்றல் சரிவை அது தடுக்கவில்லை என்று 2021-இல் தெரிந்தது. முதல் செய்தி படித்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் படித்திருப்பார்கள்?

மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தைப் பொறுத்தவரை, ஜிஞ்சிவாலிஸ் புரதங்களை மாற்றியமைக்கும் விதம், அந்நோயாளிகளின் எதிர்ப்பு மண்டலம் தாக்கும் புரதங்களை ஒத்திருப்பது பொருத்தமான கருதுகோளாக நிற்கிறது; அதற்கு மேல் இல்லை.

நாட்பட்ட நோய் தீரப் பற்களைப் பிடுங்கிவிடலாமா? ரூட் கேனால் செய்த பல் உடலுக்கு நஞ்சா?

இரண்டுக்கும் விடை, இல்லை. இந்த அச்சத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1910-இல் கனடாவின் மான்ட்ரியலில் வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், வாயில் தேங்கும் சீழே எண்ணற்ற நோய்களுக்கு மூலம் என்று உரையாற்றினார். அதன்பின் இருபது, முப்பது ஆண்டுகள், மூட்டுவலி முதல் மனநோய் வரை எல்லாவற்றுக்கும் பற்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடுங்கினார்கள். நியூ ஜெர்சி மாநில மனநல மருத்துவமனை ஒன்றின் தலைவரான ஹென்றி காட்டன் நோயாளிகளின் பற்களைப் பிடுங்கி, அது போதாமல் குடலையும் வெட்டினார், பலர் இறந்தனர். மனநோய் எவருக்கும் பல்லோடு போகவில்லை. ஒப்பீட்டுக் குழு வைத்துச் சோதிக்கும் வழக்கம் வந்தபின் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. இன்றைய வாய்–உடல் ஆய்வுகளை நிதானத்தோடு படிக்கச் சொல்வதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம். முறையாகச் செய்த ரூட் கேனால், காப்பாற்றப்பட்ட பல், அவ்வளவே.

தினமும் மவுத்வாஷ் பயன்படுத்தலாமா?

குளோர்ஹெக்சிடின் கலந்ததை அறுவை சிகிச்சைக்குப் பின்னோ, ஈறு சிகிச்சையின் போதோ மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை விழும், சுவை மாறும். நைட்ரேட்டை மாற்றும் பாக்டீரியாக்களும் குறையும். ஃப்ளோரைடு கலந்த சாதாரண மவுத்வாஷ் சொத்தை அதிகம் வருபவர்களுக்குப் பயன்படும். மற்றவர்களுக்கு இது தேவையான செலவன்று. பசைக்குள் அடுக்கடுக்காக இருக்கும் படலத்தைக் கொப்பளித்து அகற்ற முடியாது; தேய்த்துத்தான் அகற்ற வேண்டும்.

நல்லெண்ணெய்க் கொப்பளிப்பும் வேப்பங்குச்சியும் பயன் தருமா?

நல்லெண்ணெய் கொப்பளித்தால் படலமும் ஈறு வீக்கமும் ஓரளவு குறைவதாகச் சென்னையில் நடந்தவை உட்படச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. அவை சிறியவை, சில வாரங்களுக்கு மேல் நீளாதவை. துலக்கியபின் கூடுதலாகச் செய்வதில் தவறில்லை. துலக்குவதற்குப் பதிலாக அன்று. சர்க்கரை, ஆஸ்துமா, தோல் நோய் எல்லாம் தீரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. எண்ணெயை விழுங்கக் கூடாது. புரையேறி நுரையீரலுக்குள் போனால் ஒரு வகை நிமோனியா வரும் என்பதால் சிறு குழந்தைகளுக்கும், விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் இது வேண்டவே வேண்டாம்.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பது வீண்சொல் அன்று. நுனியை மென்று நாராக்கிய குச்சி ஒரு நல்ல தூரிகை. மெல்லும்போது எச்சிலும் ஊறுகிறது. ஆனால் கடைவாய்ப் பல்லின் பின்புறத்தையும் கீழ்ப்பல்லின் உட்புறத்தையும் அது எட்டுவது கடினம். ஃப்ளோரைடும் அதில் இல்லை. சாம்பல், செங்கல் தூள், கரித்தூள் ஆகியவை எனாமலைத் தேய்த்துவிடும்.

ஃப்ளோரைடு கெடுதல் என்று கேள்விப்பட்டோமே?

குடிநீரில் அளவுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற பகுதிகளில் பல் கறைபடுவதும் எலும்பு பாதிக்கப்படுவதும் உண்மை. அது விழுங்கும் நீரின் சிக்கல். அதற்குத் தீர்வு நல்ல குடிநீர். துப்பிவிடும் பற்பசையில் உள்ள ஃப்ளோரைடு எனாமலை உறுதியாக்கி அமிலத்தைத் தாங்கவைக்கிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அரிசி மணி அளவும், ஆறு வயது வரை பட்டாணி அளவும் போதும், துப்பக் கற்றுக்கொடுங்கள்.

வாய் நாற்றம் வயிற்றிலிருந்து வருகிறதா?

பெரும்பாலும் வாயிலிருந்தே வருகிறது. நாக்கின் பின்பகுதியிலும் ஈறுப் பள்ளத்திலும் புரதத்தைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் வெளியிடும் கந்தக வாயுக்களே அதற்குக் காரணம். நாக்கு வழிப்பது உதவும்; ரத்தம் வரும்படி சுரண்டக் கூடாது. ஈறு நோய் இருந்தால் அதைத் தீர்க்காமல் நாற்றம் போகாது.

வாய் எப்போதும் வறண்டிருக்கிறது. இது நுண்ணுயிர்களைப் பாதிக்குமா?

பெரிதும் பாதிக்கும். அமிலத்தைச் சமன்செய்வதும் உணவுத் துகளைக் கழுவுவதும் எச்சில்தான். ஒவ்வாமை, மனச்சோர்வு, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்குத் தரப்படும் மருந்துகளில் பல எச்சிலைக் குறைக்கும். கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுப் பெற்றவர்களுக்கு மிகவும் குறையும். இவர்களுக்குச் சொத்தை பல்லின் வேர்ப்பகுதியில் வேகமாகப் பரவும். மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வறட்சிக்காக மிட்டாய் சப்புவது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது.

வாய்க்கான புரோபயாடிக் மாத்திரையும் எச்சில் பரிசோதனையும் வாங்கலாமா?

நியூசிலாந்தில் கண்டெடுத்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாலிவேரியஸ் கே12 போன்ற, புரோபயாடிக்காக (நன்மை கருதி உட்கொள்ளும் பாக்டீரியாவாக) விற்கப்படும் சில வகைகள் ஆய்வில் நம்பிக்கை தருகின்றன. மாத்திரையை நிறுத்தினால் அவை பெரும்பாலும் நிலைத்திருப்பதில்லை. எச்சிலில் உள்ள இனங்களைப் பட்டியலிட்டுத் தரும் பரிசோதனையைக் கொண்டு சிகிச்சையை மாற்றும் நிலைக்கு மருத்துவம் இன்னும் வரவில்லை. அந்தப் பணத்துக்கு ஆண்டுக்கொரு முறை ஈறை அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்கேலிங் செய்தால் பல் தேய்ந்து ஆடிவிடும் என்கிறார்களே?

அதிர்வுக் கருவி எடுப்பது காரையை, எனாமலை அன்று. ஈறு நோய் முற்றியவருக்குப் பல்லைச் சுற்றியிருந்த எலும்பு முன்பே கரைந்திருக்கும்; திரண்ட காரை பற்களை ஒன்றோடொன்று பிணைத்து, ஆட்டத்தை மறைத்துக்கொண்டிருக்கும். காரை போனதும் இடைவெளி தெரிகிறது, ஆட்டம் தெரிகிறது, சில நாள் பல் கூசுகிறது. பழி ஸ்கேலிங்கின் மேல் விழுகிறது. காரையோடு விட்டிருந்தால் அந்தப் பல் இன்னும் சீக்கிரம் போயிருக்கும்.

துலக்கும்போது ரத்தம் வந்தால் சில நாட்கள் துலக்காமல் விடலாமா?

கூடாது. ரத்தம் வரும் இடமே படலம் தங்கியிருக்கும் இடம். மிருதுவான தூரிகையால் ஈறும் பல்லும் சேரும் விளிம்பைச் சாய்வாக வைத்து இரண்டு நிமிடம், காலையிலும் இரவு படுக்கும் முன்பும் தேய்க்க வேண்டும். பல்லிடுக்கை அதற்கான சிறு தூரிகையாலோ நூலாலோ சுத்தம் செய்ய வேண்டும். ஈறு வீக்கம் மட்டுமாக இருந்தால் ஒன்று, இரண்டு வாரத்தில் ரத்தம் நின்றுவிடும். அதற்குப் பின்னும் வந்தாலோ, பல் நீண்டதுபோல் தெரிந்தாலோ, ஆடினாலோ பல் மருத்துவரிடம் போங்கள். புகைபிடிப்பவர்கள் ரத்தம் வரக் காத்திருக்க வேண்டாம். நிகோட்டின் ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்போதும் அவர்கள் ஈறில் ரத்தம் வராமல் இருக்கக்கூடும்.